அஞ்சாம் நம்பர் கேபிள்

— இருட்டுன்னா எந்த மாதிரி இருட்டுக்கா? ஸ்கிரீன்ல லைட்டே இல்லாத இருட்டா, இல்ல ‘சிக்னல் இல்லை’ன்னு எழுத்து வர்ற இருட்டா?

— எழுத்து வந்துது. மூலையில சின்னதா வந்துட்டு, பத்து செகண்ட்ல அதுவும் போயிடுச்சு.

— மத்த நாலு?

— நாலும் ஜம்முனு ஓடுச்சு. திமிங்கலம் முதல் ஸ்கிரீன்ல வாலை வெச்சு நாலு ஸ்கிரீனுக்கு நீட்டிப் படுத்திருக்கு. அஞ்சாவதுல வர வேண்டிய தலை மட்டும் இல்ல. ஒரு குழந்தை, ‘தலை எங்க, தலை எங்க’ன்னு அழுது ஹாலையே ரெண்டாக்கிடுச்சு.

— அய்யய்யோ.

— சிரிக்காதடா.

— சிரிக்கலக்கா. எங்க இருந்து பேசற, மியூசியம் ஹால்லயா? எக்கோவே இல்ல?

— உக்காந்துதான் பேசறேன். நோட்டு கையில இருக்கு. நீ எங்க?

— ஆபீஸ் படிக்கட்டுல. மேனேஜர் ரெண்டு தடவை எட்டிப் பாத்துட்டார். புது வேலைக்கா, நிரந்தரம் ஆக இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. சீக்கிரம் சொல்லு.

— மூணு மாசமா அக்கா போனை எடுக்காதவன் இன்னைக்கு எடுத்திருக்க. அரை மணி குடு. பத்து மணிக்கு மியூசியம் இன்ஜினியர்கிட்ட நான் ரிப்போர்ட் குடுக்கணும், அஞ்சாவது ஸ்கிரீன் ஏன் போச்சுன்னு.

— அதுக்கு எதுக்கு அரை மணி? இன்ஜினியர் என்கிட்ட கேட்டப்பவே நான் மெயில் போட்டேனே. கேபிள். அஞ்சாம் நம்பர் கேபிள். சிம்பிள்.

— உன் மெயில் ரெண்டு வரி. அதைப் பாத்துட்டு அவங்க எங்களுக்குப் போட்ட லெட்டர் ஒன்றரைப் பக்கம். ‘கேபிள் பதித்தவர் இனி அரங்கத்துக்குள் அனுமதிக்கப்பட மாட்டார்.’ உனக்கும் அனுப்பினேன், படிச்சியா?

— மாமா எப்படி இருக்கார்?

— சாப்பிடறார், தூங்கறார். வரிசையா வா. கேபிள்னு எதை வெச்சு சொன்ன?

— பாரு, அஞ்சுலயும் நீளமான கேபிள் அதுதான். மத்ததெல்லாம் எட்டு மீட்டர், அது பதினாலு. தூணைச் சுத்திப் போகுது. சுவருக்குப் பின்னாடி சந்துல ஏசி மிஷின் சூடு வேற. காலையில ஆன் பண்ணா நல்லா வருது. இருபது நிமிஷம் ஓடுது, கேபிள் சூடேறுது, சிக்னல் விழுது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா மறுபடி வருது, திரும்ப இருபது நிமிஷம். இதுக்கு மேல என்ன வேணும்?

— இருபதா, இருபத்திரண்டா?

— ரெண்டு நிமிஷத்துல என்னக்கா வந்துது?

— எழுதிக்கிறேன், அதனால கேக்கறேன்.

— இருபத்திரண்டுன்னே வெச்சுக்கோ.

— வெச்சுக்கிட்டேன். லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே அந்தக் கேபிளை மாமா ரெண்டு தடவை உருவிட்டுப் புதுசு போட்டார், தெரியுமா?

— தெரியாது.

— அந்தச் சந்து ரெண்டடி கூட இல்ல. வயித்தை எக்கிக்கிட்டு பக்கவாட்டுலதான் நகரணும். சட்டை பட்டன் அத்தனையும் சுவத்துல தேய்ஞ்சு வந்துடுச்சு. முதல் தடவை அதே ரகக் கேபிள். ரெண்டாவது தடவை ஃபைபர். ரெண்டுக்கும் இருட்டுதான்.

— தூண் வளைவுல மடிச்சிருப்பார். ஃபைபரை மடிச்சா அவ்வளவுதான்.

— தூணே வேண்டாம்னு ஹால் தரையில நேரா இழுத்தும் பாத்தாச்சு. ஒரு மடிப்பு இல்ல. வர்றவங்க தடுக்கி விழக் கூடாதுன்னு நானே பக்கத்துல ஸ்டூல் போட்டுக் காவல் உக்காந்தேன்.

— அப்பவுமா?

— அப்பவும்.

— அப்ப ஸ்கிரீன் கெட்டிருக்கும்.

— நாலையும் அஞ்சையும் கழட்டி இடம் மாத்தி மாட்டினோம். நாலாவது இடத்துக்குப் போன பழைய அஞ்சு நல்லா ஓடுச்சு. அஞ்சாவது இடத்துக்கு வந்த நல்ல ஸ்கிரீன் இருட்டாச்சு. ஆக கேபிள் இல்ல, ஸ்கிரீன் இல்ல. மிச்சம் என்ன?

— மிச்சம் கம்ப்யூட்டர். ஆனா அது நான் செட் பண்ணினது, அதுல ஒண்ணும் இருக்காது.

— ‘அதுல ஒண்ணும் இருக்காது.’ இதையும் எழுதிக்கட்டுமா?

— கிண்டல் பண்ணாதக்கா. சரி, கார்டு. உள்ள ரெண்டு கிராபிக்ஸ் கார்டு இருக்கு. ஒரு கார்டுக்கு நாலு ஸ்கிரீன்தான் மாட்ட முடியும். அதனால முதல் கார்டுல நாலு, ரெண்டாவது கார்டுல அஞ்சாவது மட்டும் தனியா. அந்த ரெண்டாவது கார்டு சரியா உக்காராம இருக்கலாம்.

— கழட்டி, பிரஷ்ல துடைச்சு, அழுத்தி உக்கார வெச்சு ஸ்க்ரூ போட்டாச்சு. ரெண்டு கார்டையும் இடம் மாத்தியும் பாத்தாச்சு.

— யாரு பண்ணினது? கண்டவங்க கையை வெச்சிருந்தா?

— நான்தான் பண்ணினேன். நம்ம பட்டறையில நாலு வருஷம் நீ கம்ப்யூட்டர் பாத்த, மாமா கேபிள் பாத்தார், நான் உங்க ரெண்டு பேருக்கும் லெட்டர் டைப் பண்ணினேன். டைப் பண்ற கை ஸ்க்ரூ டிரைவர் பிடிக்காதா?

— பிடிக்கும் தாயே, பிடிக்கும். டிரைவர் சாஃப்ட்வேர் தானா அப்டேட் ஆயிருக்கா பாத்தியா?

— ஆகல. நீ போட்ட அதே டிரைவர், அதே தேதி. அதை எடுத்துட்டுப் பழசு ஒண்ணு போட்டேன், புதுசு ஒண்ணு போட்டேன். மூணுக்கும் அஞ்சு இருட்டு.

— இருபது நிமிஷத்துல?

— இருபத்திரண்டுல.

— அந்த ரெண்டை நீ விட மாட்டியா?

— மாட்டேன். இன்னொண்ணு கேளு. சின்னப் பசங்க வந்தா ஆமைப் படம்னு ஒண்ணு போடுவாங்களே.

— ஆறு நிமிஷப் படம்.

— அதைப் போட்டா ஆறு நிமிஷத்துல அஞ்சு இருட்டாச்சு.

— என்னது?

— ஆறு நிமிஷம். காலையில முதல் வேலையா, எல்லாம் ஜில்லுனு இருக்கறப்ப ஆன் பண்ணி, உடனே ஆமைப் படம். ஒரு தடவை முழுசா ஓடுச்சு. மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சப்ப இருட்டு.

— அப்ப இது சூடே இல்ல.

— நீதான் சொல்ற.

— இரு, இரு. திமிங்கலப் படம் எவ்வளவு நேரம்?

— இருபத்திரண்டு நிமிஷம்.

— அட கடவுளே. படம் முடியறப்பதான் போகுது! நான் கடிகாரத்தைப் பாத்துட்டு இருந்திருக்கேன், படத்தைப் பாக்கவே இல்ல. பாரு, ஒரு படம் முடிஞ்சா பிளேயர் எல்லா ஸ்கிரீனையும் விட்டுடும். மறுபடி ஒண்ணொண்ணா கூப்பிட்டு, அஞ்சையும் ஒட்டி ஒரே நீள ஸ்கிரீனா ஆக்கும். அப்ப கூப்பிடற இடத்துல அஞ்சாவது விட்டுப்போகுது. அதான் விஷயம்.

— மியூசியம் திறந்து, நீ இருந்த முதல் மூணு மாசம் விட்டுப்போகலயே?

— அப்ப திமிங்கலத்தையே திருப்பித் திருப்பி ஒட்டி, நாள் பூரா ஓடற ஒரே ஃபைலா வெச்சிருந்தேன். அது முடியவே முடியாது. நடுவுல ஆமைப் படம் வேணும்னு கேட்டாங்க, என் கடைசி வாரத்துலதான் தனித்தனியா பிரிச்சேன்.

— எழுதிக்கிட்டேன். ஏன் விட்டுப்போகுது?

— ஒவ்வொரு ஸ்கிரீனும் கூப்பிட்டா பதில் சொல்லும். நான் யாரு, என் அளவு என்ன, என் சீரியல் நம்பர் என்னன்னு. பதில் லேட்டானா படம் நிக்கும் இல்லையா, அதனால அந்தப் பதிலை முன்னாடியே கம்ப்யூட்டர்ல பதிஞ்சு வெப்போம். டிரைவர் செட்டிங்ல கடைசிப் பக்கம், டிரைவரை மாத்தினாலும் அது அழியாது. அஞ்சு சாக்கெட்டுக்கும் அஞ்சு வரி இருக்கும். சீரியல் நம்பரோட கடைசி நாலு எழுத்தை மட்டும் படி.

— ஒண்ணாவது: பூஜ்யம், நாலு, ஒண்ணு, ஏழு.

— ம்.

— ரெண்டாவது: பூஜ்யம், நாலு, ஒண்ணு, ஏழு.

— அது முதல் வரி. ரெண்டாவதைப் படி.

— ரெண்டாவதைத்தான் படிச்சேன்.

— கண்ணாடி போட்டுட்டுப் படிக்கா.

— போட்டுட்டுதான் இருக்கேன். மூணாவதும் அதே. நாலாவதும் அதே. அஞ்சாவதும் பூஜ்யம், நாலு, ஒண்ணு, ஏழு.

— அக்கா.

— சொல்லு.

— அது மியூசியம் ஸ்கிரீனே இல்ல. நம்ம பட்டறையில என் மேஜை மேல இருந்துதே, டெஸ்ட் பண்ற ஸ்கிரீன், அதோட நம்பர்.

— அது எப்படி அங்க போச்சு?

— அஞ்சு ஸ்கிரீனும் கப்பல்ல இருந்து இறங்காம லேட்டாச்சு, ஞாபகம் இருக்கா? அதுவரைக்கும் ஏன் சும்மா இருக்கணும்னு, மேஜை மேல இருந்த ஒண்ணையே அஞ்சு சாக்கெட்லயும் மாத்தி மாத்திச் செருகிப் பதிஞ்சேன். அளவு ஒண்ணுதானே, வேலை நடக்கும். ஸ்கிரீன் வந்ததும் அங்க போய் ஒவ்வொண்ணா அதது நம்பரைப் பதியணும்னு நினைச்சேன். திறப்பு விழாவை ரெண்டு நாள் முன்னாடி இழுத்துட்டாங்க. ஓட்டிப் பாத்தேன், ஓடுச்சு. ஓடினதும் மறந்துட்டேன்.

— அஞ்சுக்கும் ஒரே நம்பர்னா அஞ்சாவதுக்கு மட்டும் ஏன் அடி?

— முதல் கார்டு தன் நாலையும் சாக்கெட்டை வெச்சே எண்ணிக்கும். ரெண்டாவது கார்டு வந்து தன் ஸ்கிரீனோட நம்பரைச் சொன்னா, டிரைவர் ‘இந்த ஆளுதான் ஏற்கெனவே உள்ள இருக்கானே’ன்னு வாசல்லயே நிறுத்திடும். புதுசா ஆன் பண்றப்ப ரெண்டு கார்டும் தனித்தனியா எண்ணும், தப்பிச்சுடும். படம் முடிஞ்சு சேத்து எண்ணறப்ப மாட்டிக்கும்.

— சரி. ரிப்போர்ட்ல ‘காரணம்’னு ஒரு கட்டம் இருக்கு. சொல்லு, எழுதிக்கிறேன்.

— ‘டிரைவர் கோளாறு’ன்னு போடு.

— டிரைவரா எழுந்து போய் உன் மேஜையில இருந்து நம்பரை எடுத்துட்டு வந்துது?

— ‘செட்டிங் தவறு’.

— யாரு செட்டிங்?

— அக்கா, கொஞ்சம் கேளு. அந்த இன்ஜினியரும் என் மேனேஜரும் வாராவாரம் ஒண்ணா டென்னிஸ் ஆடறவங்க. அந்த மெயிலை நான் புது ஆபீஸ் ஐடியில இருந்து வேற போட்டேன், பந்தாவுக்கு. தப்பைப் பண்ணினதும் இவன், தப்பாக் கண்டுபிடிச்சதும் இவன்னு தெரிஞ்சா அஞ்சு வாரம் என்ன, அஞ்சு நாள் தாங்க மாட்டேன்.

— தெரியுது.

— தெரிஞ்சும் கேக்கற.

— மாமாவுக்கு இப்ப மத்த சைட்ல என்ன பேர் தெரியுமா? ‘அஞ்சாம் நம்பர்’. ‘அஞ்சாம் நம்பர் வந்துட்டாருடா, கேபிளை எடுத்து ஒளிச்சு வைங்க.’ அவரும் கூடச் சேந்து சிரிச்சுட்டு வந்தார். வந்து டூல் பையை அலமாரி மேல தூக்கி வெச்சுட்டார். ஏணி போட்டாதான் எட்டும்.

— எவன் அப்படிக் கூப்பிட்டது?

— கூப்பிட்டவனை விடு. வெச்சது யாரு?

— நான் அப்படி வெக்கல. ‘கேபிள் பதிப்பில் குறை’ன்னுதான் எழுதினேன்.

— பக்கத்துலயே அடைப்புக்குறிக்குள்ள அவர் பேர். இனிஷியலோட.

— ம்.

— எழுதறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?

— கேபிள் நீளம் தெரியும், போட்டோ பாத்தேன், நிமிஷக் கணக்கு பொருந்துச்சு. கேக்கணும்னே தோணலக்கா.

— அது சரி.

— கத்திடேன். நீ இப்படி ‘அது சரி’ங்கறது திட்டறதை விட மோசம்.

— கத்த இந்தக் கட்டத்துல இடமில்ல. மூணு வரிதான் இருக்கு. சொல்றியா?

— எழுது. ‘ஐந்து திரைகளின் அடையாளங்களைத் தனித்தனியே பதியாமல்’... மெதுவா சொல்லட்டுமா?

— சொல்லு, கை ஓடுது.

— ‘பட்டறையில் இருந்த ஒரே திரையின் அடையாளம் ஐந்து இணைப்புகளிலும் பதியப்பட்டுவிட்டது.’

— தானா பதியப்பட்டுச்சா?

— அப்பா! ‘பதிந்துவிட்டேன்.’ போதுமா? பேரும் போடணுமா?

— அவர் பேர் இருந்துது.

— போடு. இனிஷியலோடயே போடு. கீழ தனி வரியா, ‘கேபிள் பதிப்பில் எந்தக் குறையும் இல்லை, முன்பு நான் எழுதியது தவறு’ன்னு சேத்துக்கோ. இல்ல, இரு. நீ எழுதிக் குடுத்தா அக்கா புருஷனுக்காக எழுதினான்னு சொல்வாங்க. நானே மெயில் போடறேன். அதே ஐடியில இருந்து. மேனேஜருக்கும் ஒரு காப்பி.

— அவசரப்படாத. உக்காந்து யோசிச்சுட்டுப் போடு.

— யோசிச்சா போட மாட்டேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும். லைன்லயே இரு, டைப் பண்றேன்.

— இருக்கேன்.

— ‘வருந்துகிறேன்’னா, ‘மன்னிக்கவும்’னா?

— ரெண்டும் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுது.

— போயிடுச்சு. உனக்கும் வந்திருக்கும், பாரு.

— வந்துடுச்சு. எழுத்துப்பிழை ஒண்ணும் இல்ல.

— சரி, இப்ப நீ பண்ண வேண்டியது. முதல்ல அஞ்சு ஸ்கிரீனையும் ஆன் பண்ணு, அப்புறம் கம்ப்யூட்டர். பழைய அஞ்சு வரியையும் அழி. ஒவ்வொரு சாக்கெட்டா, அதுல மாட்டியிருக்கிற ஸ்கிரீன்கிட்டயே கேட்டுப் பதி. பத்து நிமிஷ வேலை. ஆமைப் படத்தைப் போட்டு நாலு தடவை சுத்த விடு. மாமாகிட்ட நான் சாயங்காலம் பேசறேன்கா, இப்ப முடியாது. முதல்ல ஸ்கிரீன் வரட்டும்.

— அந்த அஞ்சு வரியையும் நோட்டுல எழுதிட்டு, நானே அழிச்சுப் புதுசா பதிஞ்சு, ஸ்கிரீன் வந்து ஆறு நாளாச்சுடா. மாமா இங்க என் பக்கத்துலதான் உக்காந்திருக்கார், இரு, அவர்கிட்ட குடுக்கறேன்.