இடி நேரத்தில் வந்த போன்

போன் மாட்டுறது பெரிய வித்தை இல்லை மேடம். எர்த் போடுறதுலதான் எல்லாம் இருக்கு. குழி வெட்டி, ராடு இறக்கி, கரியும் கல் உப்பும் மாத்தி மாத்திக் கொட்டணும். கோடையில தண்ணி ஊத்தணும். அப்பதான் மின்னல் இறங்கினாலும் மண்ணுக்குப் போகும், மனுஷன் காதுக்கு வராது.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே எங்க ஊர்த் தோப்புக்குள்ள டவர் சரியா எட்டாது. வீட்டுக்கு வீடு இன்னும் லேண்ட்லைன்தான். இருபத்தாறு வருஷமா நான்தான் லைன்மேன். எர்த்துக்கு இடம் விடாத வீட்டுக்கு லைன் கொடுக்க மாட்டேன். "வைரக்கண்ணுவா, ரூல்ஸ் பேசியே உயிரை வாங்குவான்"ம்பாங்க. சொல்லிட்டுப் போகட்டும். இடி இடிக்கும்போது யாருக்கும் போன் போடாதீங்கன்னும் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். மூணாவது வீட்டு இராஜாங்கம் மாமாகிட்டயும் சொன்னேன்.

பங்குனியில ஒருநாள் மத்தியானம் மானம் கறுத்துச்சு. நான் வேலையில இருந்தேன். தாளடி நெல்லை ரோட்டுல காயப் போட்டுட்டு, என் பொண்டாட்டி அமிர்தம் வீட்டுக்குள்ள இருந்தா. மாமா போன் போட்டாரு. அவ எடுத்தா. அந்த நேரம் லைன்ல மின்னல் இறங்குச்சு. நான் வந்து பார்க்கும்போது அவ ஒரு பக்கக் காது கரிஞ்சு கிடந்துச்சு. எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. எனக்கு இருந்தது அவ ஒருத்திதான்.

"நெல்லு நனைஞ்சுடும், அள்ளும்மான்னு சொல்லத்தான் மாப்ள கூப்பிட்டேன்"னு மாமா என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. நெல்லு நனைஞ்சா நனையட்டுமே. அவளை எரிச்சுட்டு வந்த அன்னிக்கு எனக்கு அழுகை வரலை, ஆத்திரம்தான் வந்துச்சு.

பதினாறு முடிஞ்ச மறுநாள் காலையில, கடப்பாரையும் உப்பு மூட்டையும் எடுத்துக்கிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். உங்க எர்த்தைப் புதுப்பிக்கணும் மாமான்னேன்.

"இப்ப எதுக்கு மாப்ள இதெல்லாம்? சோறு தண்ணி கூட எடுக்க மாட்டேங்கிறியாமே. உள்ள வா, ரெண்டு இட்லி சாப்பிடு."

"வேலை முடியட்டும் மாமா."

கொல்லையில குழி தோண்டுனேன். உப்பை நீங்களே கொட்டுங்கன்னேன். குனிஞ்சாரு. பிடரியில ஒரு அடி. திரும்பிப் பார்த்து "மாப்ள"ன்னாரு. அப்புறம் முகத்துலயே அடிச்சேன். எத்தனை அடின்னு எண்ணலை. பல்லெல்லாம் உப்போட கலந்து கிடந்துச்சுன்னு சொல்றீங்க, இருக்கும்.

சத்தம் கேட்டு வேம்பு அத்தை இட்லித் தட்டோட வந்தாங்க. கூச்சல் போட்டாங்க. அவங்களையும் அடிக்க வேண்டியதாப் போச்சு. அவங்க போன் போடலைங்கிறது எனக்குத் தெரியும். அது ஒண்ணுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. அப்புறம் குழியை மூடித் தண்ணி ஊத்தி, மீட்டர் வச்சுப் பார்த்தேன். எர்த் நல்லா இருந்துச்சு. கை கழுவிட்டு உங்க ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ரெண்டு பேரையும் கொன்னது நான்தான். எழுதிக்குங்க. ஆனா அமிர்தத்தைக் கொன்னது அவரு. அதையும் சேர்த்து எழுதணும்.

எங்க வீட்டு போனுக்கு எர்த் போட்டிருந்தியான்னு திரும்பத் திரும்பக் கேக்குறீங்க. போடலை. ஊரெல்லாம் குழி வெட்டிட்டு வந்து நம்ம கொல்லையில வேற வெட்டணுமான்னு தள்ளிப் போட்டது பதினோரு வருஷம் ஆயிடுச்சு. "என்னிக்குத்தான் போடுவீங்க?"ன்னு ஒவ்வொரு மழைக்கும் கேப்பா. லைன்மேன் வீட்டுக்கு எவன்டி செக் பண்ண வரப்போறான்னு சிரிப்பேன். அதுக்கும் இதுக்கும் என்ன மேடம் சம்பந்தம்? ஆபீஸ்ல ஃபாரத்தை எடுத்துப் பாருங்க. எங்க வீட்டுல எர்த் சரியா இருக்குன்னு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்.