இருளாயி அக்காவின் பஸ்ஸும் என் வயிற்றெரிச்சலும்

அவையை அலங்கரிக்கும் எங்கள் நிறுவனத் தலைவர் நவமணி அம்மையார் அவர்களே! அகவையிலும் அறிவிலும் மூத்த பெரியோர்களே! அடுப்பை அணைத்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! என் நிம்மதியைத் திருடிய ஃபர்சானா அவர்களே! புந்தோங் மண்டபம் நிறைந்த உங்கள் எல்லோரையும் யுகேந்திரன் வணங்குகிறேன்.

ஃபர்சானாவைப் பாராட்டச் சொன்னார்கள். பொறாமைக்காரனிடமா பாராட்டுரை கேட்பது? ஆம், பொறாமைதான்! புதிய குழுத் தலைவர் யாரென்று அம்மையார் இன்று அறிவிக்கப் போகிறார். அந்த நாற்காலிக்கு எட்டு ஆண்டு ஏங்கியவன் நான். அவரோ நேற்று வந்தவர்!

மென்பொருள் செய்வோர்க்குப் பயனர் கதை என்று ஒன்று உண்டு. யாருக்கு வேண்டும், என்ன வேண்டும், எதற்கு வேண்டும்? ஒரு சிறு அட்டையில் அடங்க வேண்டும். ஜெலாப்பாங் தொழிலாளர்களுக்குப் பஸ் செயலி செய்தோம். கதையை நான் எழுதினேன். எப்படி? 'உழைப்பால் உயர்ந்த உத்தமப் பயனர்களே' என்று தொடங்கிப் பதினோரு பக்கம்! மேடையில் பழகிய கை அட்டைக்கும் மாலை போட்டது. படித்துப் பார்த்த நிரலாளர் ரூபன், "அண்ணே, கை தட்டவா, கோட் எழுதவா?" என்றான். ரூபா, சிரிக்காதே, அம்மையார் பார்க்கிறார்!

ஃபர்சானா என்ன செய்தார்? பஸ் நிறுத்தத்துக்கே போனார். கையுறைத் தொழிற்சாலைக்குப் போகும் இருளாயி அக்காவைக் கேட்டார்.

"தங்கச்சி, பாஸ்வர்ட் எல்லாம் எதுக்குலா? பஸ்சு போயிருச்சா இல்லையா, அத சொன்னா போதும். சும்மா மழையில நிக்க வேணாம் பாரு."

ஃபர்சானா அதை அட்டையில் எழுதினார்: 'வேலைக்குப் போகும் இருளாயிக்கு, பஸ் தாண்டிவிட்டதா என்று தெரிய வேண்டும், மழையில் வீணாய் நிற்காமலிருக்க.' செயலி சரியாக முடிந்ததை நாங்கள் எப்படி அறிவது? அட்டையின் பின்பக்கம் ஒரே வரி: 'திறந்தவுடன் பதில் தெரிய வேண்டும்.'

எரிந்தது ஐயா, எரிந்தது! என் பதினோரு பக்கத்தில் என் தமிழ் இருந்தது, என் தலைக்கனம் இருந்தது. இருளாயி இருந்தாரா? இல்லை! பஸ்ஸாவது இருந்ததா? அதுவும் இல்லை!

யாருக்கும் தெரியாததை இப்போது சொல்கிறேன். ரூபனிடம் சேர்க்கச் சொல்லி ஃபர்சானா என்னிடம் தந்த அந்த அட்டையை ஒன்பது நாள் என் மேசைக்குள் பூட்டி வைத்துவிட்டுத்தான் கொடுத்தேன். அந்த ஒன்பது நாளில் ஒரு நாள், போய்விட்ட பஸ்ஸுக்காக இருளாயி அக்கா கொட்டும் மழையில் நின்றார். நான் காரில் அந்த வழியே போனேன். பார்த்தேன். நிறுத்தவில்லை.

அம்மையார் அவர்களே, உங்கள் தாளில் என் பெயர் இருந்தால் அடித்துவிடுங்கள். அடுத்தவர் நனைவதைப் பார்த்தும் அட்டையைப் பூட்டி வைத்தவன் குழுவை நடத்தலாமா? கூடாது! ஃபர்சானா நடத்தட்டும். அவர் எழுதட்டும், நாங்கள் செய்வோம்!

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. ஃபர்சானா, வயிறு எரியத்தான் வாழ்த்துகிறேன். வாழ்த்து மெய், எரிச்சலும் மெய். வணக்கம்.