பொம்மை சுமந்த பெட்டி

விடியற்காலை நாலே முக்கால். கடைத்தெருவில் ஒரு நாய்கூட இல்லை... என் நண்பரின் மைத்துனர் மட்டும் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார். பெரிய துணிக்கடையில் கண்ணாடி ஜன்னலை அலங்கரிப்பது அவர் வேலை.

அந்தக் கடை ஒரு காலத்தில் பயணப் பெட்டியும் விற்றிருக்கிறது. கிடங்கில் ஒன்று மிஞ்சியிருந்தது. பழுப்புத் தோல், நூல் தையல் போட்ட தோல் பிடி, மூடிக்குள் கடையின் பெயர். அதை ஒரு பெண் பொம்மையின் வலது கையில் மாட்டி ஜன்னலில் நிறுத்தினார். லேசான வேலையில்லை அது. பொம்மையின் விரல் விரியாது. மணிக்கட்டைத் திருகிக் கையைக் கழற்றி, விரல்களைப் பெட்டியின் பிடிக்குள் நுழைத்து, பிறகு மறுபடி திருக வேண்டும்.

மறுநாள் காலை பெட்டி இடது கையில் இருந்தது.

"கை வலிச்சிருக்கும் தம்பி, மாத்திக்கிட்டா" என்றார் இரவுக் காவல்காரர்.

இருவரும் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. இரவில் கடைக்குள் இருப்பது காவல்காரர் ஒருவர்தானே. "இன்னொரு தடவை மாறியிருந்தா நீங்க வேலைக்கு வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். காவல்காரருக்கு மூன்று பெண்கள், இந்த ஒரு வேலை.

மைத்துனர் பெட்டியை வலது கைக்கே மாற்றினார். அதற்கு மறுநாள்தான் இந்த ஓட்டம்... மேலாளர் வருவதற்குள் பார்த்துவிட வேண்டுமே.

பெட்டி மறுபடி இடது கையில். பொம்மையின் இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. கழற்றித் தூக்கினால் காலிப் பெட்டி, பஞ்சு மாதிரி. மூடியைத் திறந்தார். அந்துருண்டை வாசனை... அதற்கடியில் ஈரத் தலைமுடி வாசனை.

"இது வேண்டாம்ணே. பரண்ல வச்சுப் பூட்டிடறேன்."

"முதல்ல அதைச் செய். என் பிழைப்பே போயிடும்."

பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பொம்மையின் வலது கையில் ஒரு புதுப் பிளாஸ்டிக் பெட்டியை மாட்டினார்.

அடுத்த விடியலிலும் ஓடினார். பெட்டி வலது கையிலேயே இருந்தது. தோள் நேராக இருந்தது. வேலை தப்பியது.

"அண்ணே, பொழச்சோம்" என்று காவல்காரரை உலுக்கினார். நாற்காலியிலேயே தூங்கியிருந்தார் மனிதர்.

"தோள் விட்டுப்போகுது தம்பி... ராத்திரி நல்லாத்தான் தூங்கினேன்."

அவருடைய வலது கை மூடியே கிடந்தது. திறக்க வரவில்லை. மைத்துனர் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். உள்ளங்கையின் குறுக்கே சிவப்பாக ஒரு பள்ளம். பள்ளம் நெடுக, வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள்... தையல் தடம். பிளாஸ்டிக் பிடியில் ஏது தையல்?

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது.

காவல்காரர் இன்னொரு கையை நீட்டினார். "இதையும் கொஞ்சம் பிரிச்சு விடு, தம்பி..."