சனியைக் காட்டிய சுழல்தட்டு

எனக்கு இரவில் சாதம் ஒத்துக்கொள்ளாது. கோதுமைக் கஞ்சி குடித்துவிட்டுக் கொல்லையில் சற்று நடப்பேன். எல்லாம் அந்த நடையில், வானத்தைப் பார்த்ததில் தொடங்கியதுதான், சேதுராமன் ஐயா. நீங்கள் கோயில் தலைவர். பாதியை என் மனைவி சந்திரமதி உங்களிடம் சொல்லிவிட்டாள். மீதியை நான் சொல்வதுதான் முறை.

ஏழரை வருடமாகச் சனி என்னைப் பிடித்திருந்தது ஊருக்கே தெரியும். மலாயா சுதந்திரத்துக்குள் விட்டுவிடும் என்றார் ஜாலான் பெண்டஹாராத் தெரு ஜோசியர். அடுத்தவர் வாயை நம்பி எத்தனை நாள் இருப்பது? ஊருக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் துரையிடம் ஒரு தொலைநோக்கி வாங்கினேன்.

"சனிய நேருக்கு நேரா யாராச்சும் பாப்பாங்களா? கோயில்லயே பக்கவாட்டுல நின்னுதானே கும்புடுறோம்" என்றாள் சந்திரமதி.

எங்கே பார்ப்பது? முக்காலி சண்டித்தனம் செய்தது. திருகைத் தளர்த்தினால் குழாய் தலை கவிழும். இறுக்கினால் சனி நழுவி ஓடும். விரல் பட்டால் திரும்ப வேண்டும், விட்ட இடத்தில் நிற்க வேண்டும். அப்படித் திரும்பும் பொருள் நம் கஜா பெராங் ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது. நம் கோயில் தேரைத் திருப்புவதற்கு முன் அச்சுக்கு மேலுள்ள இரும்புச் சுழல்தட்டு. இருபது வருடமாக அதற்குக் கிரீஸ் போடுகிறவன் நான். அதன் அருமை வேறு யாருக்குத் தெரியும்?

கழற்றினேன். அந்த இடத்தில் நல்ல மரக்கட்டை ஒன்றை வைத்து முடுக்கினேன். தட்டை எண்ணெய்ப் பீப்பாய் மேல் பொருத்தி, சுற்றிலும் முந்நூற்றறுபது பாகை கீறினேன். கேட்டை நட்சத்திரம் எத்தனை மணிக்கு எந்தக் கோட்டில் நிற்கும் என்று எழுதி ஒட்டினேன். சனி அதன் பக்கத்தில்தான் இருந்தது.

தேர் வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான் திரும்புகிறது. அதற்காக அந்தத் தட்டு கொட்டகையில் தூங்குவது எனக்கு வீணாகப் பட்டது.

ஆடித் திருவிழாவில், முச்சந்தியில் தேர் திரும்பவில்லை. அம்மன் நேராகச் சீனர் காப்பிக்கடைக்குள் போனாள். கடை முதலாளி தவுக்கே பதறாமல் ஊதுவத்தி கொளுத்தி, பால் விடாத கோப்பி ஓ ஒன்றைச் சர்க்கரை தூக்கலாக வைத்துக் கும்பிட்டார்.

"நான் ஒழுங்காத்தான் திருப்புனேன் லா. மாட்டக் கேளுங்க" என்று தேரோட்டி தம்பிராஜா அழுதான்.

விசாரணையில் முன் அச்சு எப்படி என்று என்னைக் கேட்டீர்கள். கொஞ்சமும் ஆட்டமில்லை என்றேன். அது உண்மை. தம்பிராஜா குடித்திருந்தானா என்று கேட்டீர்கள். கண் சிவந்திருந்தது என்றேன். அதுவும் உண்மை, அழுதிருந்தான்.

அவனைத் தேரிலிருந்து நீக்கினீர்கள். அதன்பின் அவன் மாட்டுவண்டிக்கும் யாரும் சரக்குக் கொடுப்பதில்லை. எனக்கும் வருத்தம்தான். அன்று கஞ்சி சரியாக இறங்கவில்லை.

மாணிக்கவாசகமாகிய நான் தட்டை எடுத்தேன். பழியை அவன் மேல் விழவிட்டேன். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் காரணம் நானில்லை, ஐயா. சுதந்திரம் வந்த மறுவாரம் சனியை வளையத்தோடு கண்ணாரப் பார்த்தேன். என்னை விட்டு இறங்கி, தம்பிராஜா வீட்டுக் கூரைக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.