எரவாணத்தில் சொருகிய கார்டு

ஓடுகிறேன். இடுப்பில் பிள்ளை. பின்னால் மூங்கில் முறிகிற சத்தம். சடக். கொஞ்சம் நிறுத்தம். மறுபடி சடக். ஒவ்வொரு சடக்குக்கும் ஒரு வீடு விழுகிறது.

சித்திரை மாதம். வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. அரிசிக்காக ஊரே கியூவில் நின்ற வருஷம். எல்லையில் சண்டை வரப்போகிறது என்று டீக்கடை ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த சண்டை திருச்சியில் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் நடந்தது. எங்கள் குடிசைகள் அங்கேதான் இருந்தன. ஆம்பிளைகளில் பாதிப் பேர் பள்ளிவாசலில். மீதிப் பேர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார்கள். என் வீட்டுக்காரர் கைவண்டி இழுக்கிறவர். அவரும் இல்லை. கரையில் இருந்தது பீடி சுற்றுகிற பொம்பளைகள்தான். அந்த நேரம் பார்த்துக் குடிசைகளைப் பிரித்துப்போட சர்க்கார் லாரி வந்தது. தற்செயல் என்று இன்றைக்கும் சொல்லுவார்கள். போங்கடா, நீங்களும் உங்கள் தற்செயலும்.

கடப்பாரை. கொக்கி. கயிறு. கூடவே லத்தி. முதுகில் விழுந்தால் மந்தமாகக் கேட்கும். எலும்பில் விழுந்தால் டக் என்று தெறிக்கும். என் முழங்காலில் விழுந்தது. இப்போதும் மழைக்காலத்தில் அந்தக் காலை மடக்க முடியாது.

பக்கத்து வீட்டு செல்லம்மா கத்துகிறாள். உப்பிலியபுரம் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். அவள் புருஷன் காத்தான் காய்ச்சலில் உள்ளே கிடக்கிறான்.

"ஐயா, உள்ள ஆள் இருக்குய்யா! இழுக்காதீங்கய்யா!"

இழுத்தார்கள். கூரை மொத்தமாக உட்கார்ந்தது. செல்லம்மா கையாலேயே கீற்றைப் பிய்த்தாள். ஒரு போலீஸ்காரர் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்து எறிந்தார்.

மற்ற எல்லோரும் மேட்டுக்கு ஓடிவிட்டோம். மைமூனும் என்னோடுதான் இருந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கச்சி. கல்யாணம் பேசி முடித்திருந்தோம். நோன்புக்கு முன்னால் நிக்காஹ் என்று சொல்லியிருந்தோம். அத்தோடு விட்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

அப்போதுதான் ஜீப்பில் இருந்த ஆபீஸ்காரர் எழுந்து நின்றார். வாயைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டு கத்தினார்.

"ரேஷன் கார்டு இருக்கறவங்க இந்தப் பக்கம் வாங்க! அவங்களுக்கு வேற எடம் உண்டு! இல்லாதவங்க லாரியில ஏறு!"

கார்டு. எல்லோருக்கும் இருந்தது. ஆனால் யார் மடியிலும் இல்லை.

இதை நான் விளக்கித்தான் ஆக வேண்டும். மச்சு வீட்டில் இருக்கிறவர்களுக்குப் புரியாது. ஐப்பசி வந்தால் வாய்க்கால் நிரம்பி எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஒரு மழையில் டிரங்குப் பெட்டியே மிதந்தது. கார்டில் மை கரைந்து பெயர் அழிந்துபோன வீடுகளுக்குக் கடையில் அரிசி போட மாட்டேன் என்றான். பிச்சைக்காரர்களைப் போல நின்றோம். அதற்கப்புறம் கரையில் ஒரு வீடு விடாமல் கார்டை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி எரவாணத்தில் சொருக ஆரம்பித்தோம். கூரையும் சுவரும் சேருகிற இடம். ஓலைக்குள் பத்திரமாக இருக்கும். தண்ணீருக்குப் பயந்தே பழகிய ஜனங்கள் நாங்கள். நெருப்பை நினைக்கவில்லை.

பகல் சோற்று நேரம். அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. காய்ந்த கீற்று அப்படியே அடுப்பின் மேல் விழுந்திருக்கிறது. முதலில் புகை. பிறகு ஒரு இரைச்சல். பொரி பொரிகிற மாதிரி. சித்திரைக் காற்று வாய்க்கால் பக்கமிருந்து அடித்தது. வீட்டுக்கு வீடு தாவியது.

அந்த நெருப்பை நோக்கித்தான் ஓடினார்கள். அத்தனை பொம்பளைகளும். கார்டு, கார்டு என்று. எங்கள் வீடு இன்னும் விழவில்லை. மைமூன் பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டாள்.

"மச்சி, பிள்ளையப் பாத்துக்க! நான் எடுத்துட்டு வந்துடறேன்!"

"வேணாம்டி! வந்துடுடி! மைமூன்!"

உள்ளே போனாள். பக்கத்துக் கூரை எங்கள் கூரையில் சாய்ந்தது. அவ்வளவுதான். சத்தம் ஒரே ஒரு தடவை கேட்டது. என்ன சத்தம் என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். யா அல்லாஹ், அந்தச் சத்தத்தை என் காதிலிருந்து எடுத்துவிடு என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

அணைந்தபின் இரண்டு உடம்புகளைச் சாக்கில் சுற்றினார்கள். நான் லாரியின் முன்னால் விழுந்தேன்.

"ஐயா, இது எங்க வீட்டுப் பொண்ணுங்க. பேரு மைமூன். குடுங்கய்யா, அடக்கம் பண்ணணும்."

"கார்டு இருக்கா?"

ஆபீஸ்காரர் முகத்தில் கோபம்கூட இல்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

எங்களை ஏற்றிய லாரி காவிரிப் பாலத்தைத் தாண்டியது. திருவானைக்காவல் தாண்டியது. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்து மணலில் குப்பையைக் கொட்டுகிற மாதிரி இறக்கிவிட்டுப் போனது. சாயங்காலம் விசாரித்து விசாரித்து என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். "தங்கச்சி எங்க?" என்றார். பிள்ளையை இறக்கிவிட்டு அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். மணலில் தலையை முட்டிக்கொண்டார். மறுநாள் பிணவறை வாசலுக்குப் போனார். அங்கேயும் கார்டு கேட்டார்கள். அதற்கடுத்த நாள் போனபோது புதைத்தாகிவிட்டது என்றார்கள். எங்கே என்று கேட்டதற்கு விரட்டினார்கள். குளிப்பாட்டவில்லை. கஃபன் துணி இல்லை. ஜனாஸா தொழுகை இல்லை.

மன்னார்புரத்துக்குத் தெற்கே பொட்டலில் இடம் கொடுத்தார்கள். கார்டு காட்டியவர்களுக்கு. எங்கள் கரையிலிருந்து ஒருத்தர்கூடக் காட்டவில்லை.

வருஷம் திரும்பியது. பழைய ரேஷன் கடைப் பேரேட்டைப் பார்த்துப் புதுக் கார்டு எழுதிக் கொடுத்தார்கள். படித்துக் காட்டச் சொன்னேன். வீட்டுக்காரர் பெயர். என் பெயர். பிள்ளை பெயர். நாலாவது மைமூன்.

"அந்தப் பேரை அடிச்சுடுங்க. மௌத்தாயிட்டா."

"இறப்புச் சர்ட்டிபிகேட் கொண்டாம்மா, அடிக்கிறேன்."

அதற்கும் முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போனோம். அங்கே புரட்டிப் பார்த்துவிட்டு ஒருத்தர் சொன்னார். "அந்தப் பேர்ல யாரும் சாகலைங்களே. அன்னிக்குத் தேதிக்குப் பேர் தெரியாத ஆண் ஒண்ணு, பெண் ஒண்ணு. அவ்வளவுதான் இருக்கு."

இனி கணக்கு. கரையில் எங்கள் வரிசை முழுவதும் போனது. கார்டுகள் அத்தனையும் போயின. செல்லம்மாவின் வலது கை விரல்கள் நெருப்பில் வெந்து கூடிப்போய் ஒட்டிக்கொண்டன. பீடி சுற்ற முடியாமல் அவள் கோயில் வாசலில் உட்கார்ந்தாள். காத்தான் போனான். ஆண் ஒண்ணு என்பது அவன்தான். மைமூன் போனாள். வயது பதினேழு. புதைத்த கபர் எங்கே என்று தெரியாது.

கடையில் எங்கள் முறை வரும்போதெல்லாம் நாலு பேருக்கு நிறுத்துப் போட்டார்கள். முதல் தடவை அவள் பங்கை முந்தானையில் தனியாக வாங்கினேன். அழுதேன். வீட்டில் குந்துமணி அரிசி இல்லை. பிள்ளை பசியில் கத்தியது. அதையும் உலையில் போட்டேன். தின்றோம்.