ஜன்னலுக்குக் கீழே இருந்த மொளகா

யார கேட்டு மாத்தினியோ அழகியநம்பி அண்ணாச்சி? நான் இந்த ஆரியசாலை கடைத்தெருவுக்கு, உங்க பலசரக்குக் கடைக்கு மாடியில வாடகைக்கு வந்த நாள்லேருந்து, மொளகா மூட்டை எனக்க ஜன்னலுக்கு நேர் கீழத்தான கெடந்துச்சு? இப்ப எட்டிப் பாத்தா வெறும் பச்சரிசி! பச்சரிசிய வெச்சு நான் என்ன செய்ய?

சிரிக்காதிங்க. எனக்க வயித்தெரிச்சல் எனக்குல்லா தெரியும். கழக்கூட்டத்துல இருந்த எங்க ஆபீச மூடிட்டு, எல்லாரும் வீட்டுலேருந்தே வேலை பாருங்கன்னு சொன்னானுவல்லா? அன்னைக்கு நானும் துள்ளிக் குதிச்சேன், பஸ்ஸுல இடிபட வேண்டாமேன்னு. பின்ன பாத்தா வேலைக்கு நேரங்காலமே இல்ல. தோசைய பிச்சு வாயில வெச்சா போன், தலையில எண்ணெய் வெச்சா போன்... வீட்டுலதான இருக்க, இதையும் முடிச்சிரேன்னு கேப்பான் எங்க மேனேஜர் அனூப்பு.

அப்பத்தான் ஒருநாள் நீங்க மூட்டை எறக்கினியோ. சுள்ளுன்னு நெடி ஏறி, வீடியோ மீட்டிங்குல அத்தனை பேரும் பாக்க, கண்ணுலயும் மூக்குலயும் தாரை தாரையா... அனூப்பு வெலவெலத்துப் போயிட்டான். பாவம், வேலை பாத்து பாத்து பிள்ள ஒடஞ்சு போயிட்டுன்னு நெனச்சுட்டான், கேட்டியளா. எனக்க வேலையில பாதிய எடுத்து, கூட வேலை பாக்குத வினீத் தலையில கட்டிட்டான். பொழுது சாஞ்சா போனே கெடையாது. கூடை நெறைய மாதுளம்பழம் வேற ஆபீசுலேருந்து வந்துச்சு, உங்களுக்கும் தந்தேம்லா?

வேண்டாம்னு நான் எதுக்கு சொல்லணும்? நீங்க மூட்டை எறக்குத நேரமா பாத்து மீட்டிங்க வெச்சுக்கிட்டேன். சொர்க்கம் அண்ணாச்சி.

இப்ப என்னாச்சு? நெடி இல்லாம எனக்க மூஞ்சி பளபளன்னு இருக்கு. ஆர்யா தேறிட்டாள்னு எல்லாரும் கை தட்டுதானுவ. பழைய வேலையும் திரும்ப வந்து, அதுக்க மேல வினீத்துக்க வேலையும் சேந்தாச்சு!

என்னது... நானா? நானா மாத்தச் சொன்னேன்?

...ஆமா. வந்த புதுசுல சண்டைக்கு வந்தேன். தும்மித் தும்மி மண்டை போவுது, மாத்துங்கன்னு கத்தினேன். அதுக்குன்னு ஒரு வருசம் கழிச்சா உங்களுக்கு எரக்கம் வரணும்?

ஒரே ஒரு சாக்கு திரும்பப் போடுங்க அண்ணாச்சி. என்ன அப்படிப் பாக்கியோ, இவளுக்கு நெஜமா அழத் தெரியாதான்னா? அழுதிருக்கேன். மொளகா எறங்காத நாள்லயும் உக்காந்து அழுதிருக்கேன், கேமராவ அணைச்சிட்டு. அத ஒருத்தனும் பாக்கல்ல.

அய்ய... பாத்தியளா, சொல்லும்போதே கண்ணு... இல்ல, துண்ட நீட்டாதிங்க, தொடைக்கப்பிடாது! லேப்டாப்பு மாடியில்லா இருக்கு, மீட்டிங்கு தொடங்கியிருப்பான்... வழி விடுங்க அண்ணாச்சி, காயுததுக்குள்ள போய் உக்காரணும்!