பனிக்குளத்துத் தண்ணீர்

கேதாரத்துக்கு மேலே தேத்தண்ணி கொதிக்கும். ஆனால் வாய் சுடாது. குமிழி விட்டுக் கொதிக்கிறதை இறக்கி இரண்டு தரம் ஊதிவிட்டுக் குடிக்கலாம். அங்கே காற்று அவ்வளவு மெலிவு. முள்ளியவளையில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். கண்ணால் கண்டவன் யோகநாதன் ஒருவன்தான். அவன் இப்போது என்னோடு கதைப்பதில்லை.

அந்தப் பயணத்தைப் பற்றி ஊரில் இரண்டு விதமான கதை இருக்கிறது. இரண்டும் பிழை. ஆகவே நானே சொல்கிறேன்.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு, காலபோக நெல் அறுவடை முடிந்து, சித்திரை வருசப்பிறப்பும் கழிந்த கையோடு மூன்று பேர் புறப்பட்டோம். மயில்வாகனமாகிய நான். அப்புத்துரை, என் வயதுக்காரன். வடமராட்சியிலிருந்து என்னோடு வந்து, என் காணிக்குப் பக்கத்தில் காடு வெட்டிக் குடியேறியவன். மற்றது யோகநாதன், பக்கத்து ஊரான தண்ணீரூற்றில் சைக்கிள் கடை வைத்திருந்த இளந்தாரி. எங்கள் பிள்ளையார் கோயிலுக்கு ஆனி மாதம் கும்பாபிஷேகம் வைத்திருந்தார்கள். கேதாரநாதர் கோயிலுக்கும் மேலே, மலையின் அடியில், உறைந்து கிடக்கும் குளம் ஒன்று இருக்கிறது, அதன் தண்ணீரைக் கொண்டுவந்து கலசத்தில் சேர்க்கலாம் என்று கோயில் கூட்டத்தில் எழும்பிச் சொன்னவன் நான். சொன்னதும் சனம் என்னைப் பார்க்கவில்லை. அப்புத்துரையைத்தான் பார்த்தது.

"நீங்களும் போறியளோ அண்ணை?" என்று யாரோ அவனைக் கேட்டார்கள். அவன் ஓமென்று தலையாட்டிய பிறகுதான் கை தட்டினார்கள்.

இதை நான் மனக்குறையாகச் சொல்லவில்லை. அவனுக்குத் தேவாரம் பாடும் குரல் இருந்தது. சிரித்த முகம் இருந்தது. சனத்துக்கு அது போதும்.

எனக்கு இருந்தது இந்துஸ்தானிப் பாஷை. யப்பான்காரனோடு நடந்த உலகச் சண்டைக்காலத்தில் திருகோணமலையில் பஞ்சாபிப் பட்டாளத்தின் குசினியில் சமையல் வேலை செய்தவன் நான். அரித்துவாரம் தாண்டிய பிறகு மற்ற இருவரும் ஊமையரைப்போல ஆகிவிட்டார்கள். படுக்க இடம், பஸ், ஒரு பிடி சோறு, எல்லாம் என் வாயால்தான் நடந்தன. கடைக்காரனும் பூசகரும் என்னைப் பார்த்துத்தான் கதைத்தார்கள். அப்புத்துரைக்கு அதில் ஒரு எரிச்சலும் இல்லை. "மயிலு இல்லாட்டி நாங்கள் பட்டினி" என்று யோகநாதனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

கேதாரநாதரைக் கும்பிட்டு, குந்தன் சிங் என்ற மலைவாசியை வழிகாட்டியாகப் பிடித்துக்கொண்டு, விடிந்ததும் குளத்துக்கு ஏறினோம். அப்புத்துரைக்கு முதல் நாளே இருமல். முழங்கால்வரை பனி. பாதி வழியில் ஒரு பெரிய கல்லோடு சாய்ந்து இருந்துவிட்டான். உதடு நாவற்பழ நிறம். துப்பியபோது பனியில் இளஞ்சிவப்பாக நுரை விழுந்தது.

குந்தன் சிங் அவனுடைய நகங்களைப் பார்த்தான். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டான். பிறகு என் பக்கம் திரும்பி, கையால் பள்ளத்தைக் காட்டி, "நீச்சே லே ஜாவோ, நஹீ தோ மர் ஜாயேகா" என்றான். கீழே கொண்டுபோ, இல்லாவிட்டால் செத்துப்போவான் என்று அதற்கு அர்த்தம். அவன் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"என்னவாம் அண்ணை?" என்று யோகநாதன் கேட்டான்.

"களைப்பாம். போர்த்துக்கொண்டு இதிலை இருக்கட்டாம். நாங்கள் குளத்துக்குப் போயிட்டு வரேக்கை கீழ கூட்டிக்கொண்டு போகலாமாம்" என்றேன்.

குந்தன் சிங்கிடம் வேறு விதமாகச் சொன்னேன். இவர் ஒரு விரதக்காரர், எங்களைப் போய் வரச் சொல்கிறார், மறித்தால் மனம் உடைந்துவிடுவார் என்றேன். அவன் அப்புத்துரைக்குக் கீழே ஒரு சாக்கைப் போட்டு, கம்பளியால் போர்த்திவிட்டு, தடியை எடுத்தான். என் வாயைத் தவிர அவனுக்கும் வேறு வழி இருக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். வழிகாட்டி ஒருவன். அவன் இறங்கினால் எல்லோரும் இறங்கவேண்டும். மேகம் கூடி வந்தது. அடுத்த நாள் ஏறுவது நிச்சயமில்லை. ஒரு ஊர் நாள் குறித்துவிட்டுக் காத்திருந்தது. ஒருவனுடைய இருமலுக்காக ஒரு ஊரின் காரியத்தை நிறுத்த எனக்கு உரிமை இருந்ததா? இல்லை என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன். இன்றைக்கும் நினைக்கிறேன்.

குளம் குளத்தைப்போல இருக்கவில்லை. சுண்ணாம்பு பூசிய வயல்வெளி ஒன்றை மலைகளுக்கு நடுவில் விரித்துவிட்டது போல இருந்தது. குந்தன் சிங் கரையோரத்தில் தடியால் இடித்து ஒரு துவாரம் போட்டான். உள்ளே தண்ணீர் கறுப்பாக நின்றது. யோகநாதன் விழுந்து கும்பிட்டு அழுதான். நான் செம்பை அமிழ்த்தினேன். விரல்கள் விறைத்து, செம்பு கையில் இருப்பதே தெரியவில்லை. அங்கே நின்றபோது எவரும் என்னைத் தாண்டி இன்னொருவரைப் பார்க்கவில்லை. அப்படி ஒரு நேரம் அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை.

திரும்பி வந்தபோது அப்புத்துரை உயிரோடுதான் இருந்தான். குந்தன் சிங் முதுகைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தான். நான் மறித்தேன். சறுக்கினால் இருவரும் போய்விடுவீர்கள், கோயிலடியில் கூடையில் ஆள் சுமக்கிறவர்கள் இருக்கிறார்கள், போய்க் கூட்டி வா என்று அனுப்பினேன். யோகநாதனையும் கூடவே அனுப்பினேன். அவர்கள் கூடையோடு வந்து சேர்வதற்குள் அப்புத்துரை முடிந்துவிட்டான்.

கீழே ஆற்றங்கரையில் எரித்தோம். சாம்பலோடும் செம்போடும் ஊருக்கு வந்தோம். கும்பாபிஷேகம் சொன்ன நாளில் நடந்தது. கேதாரத்தில் சிவனடி சேர்ந்தவர் என்று அப்புத்துரையின் படத்தைக் கோயில் மண்டபத்தில் மாட்டி மாலை போட்டார்கள். அவனுடைய மனைவி சிவனேஸ்வரியைக் கண்டால் பெரியவர்களும் சைக்கிளிலிருந்து இறங்கினார்கள். அவளுடைய வயலைப் போகத்துக்குப் போகம் நானே உழுது விதைத்துக் கொடுத்தேன். யாருக்கு என்ன நட்டம்? அப்புத்துரை உயிரோடு வந்திருந்தாலும் இதைவிடப் பெரிய பெயர் எடுத்திருக்கமாட்டான்.

போன மாதம் யோகநாதன் சைக்கிள் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போயிருக்கிறான். புறக்கோட்டையில் வடநாட்டு முதலாளி ஒருவரின் புடைவைக்கடையில் ஏறி, இத்தனை வருசமாகத் தலைக்குள் வைத்திருந்த அந்தச் சத்தத்தைச் சொல்லிக்காட்டி அர்த்தம் கேட்டிருக்கிறான். வந்ததும் நேரே என் வயலுக்கு வந்தான். நான் வரம்பு கட்டிக்கொண்டு நின்றேன்.

"மயிலண்ணை, நீச்சே எண்டால் கீழயாம்."

"ஓம், கீழதான்" என்றேன்.

அவன் வந்த வழியே திரும்பிப் போனான். அன்று மாலையே ஊருக்குள் இரண்டாவது கதை தொடங்கிவிட்டது: மயில்வாகனம் மாற்றிச் சொல்லி அப்புத்துரையைச் சாகவிட்டான்.

நேற்றுக் காலை சிவனேஸ்வரி வந்தாள். இருக்கக் கதிரையை இழுத்துப் போட்டேன். குசினிக்குள் என் மனைவி இலட்சுமி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். சிவனேஸ்வரி சண்டைக்கு வந்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அவள் சண்டைக்கு வரவில்லை.

"மயிலண்ணை, யோகநாதன் எல்லாம் சொன்னவன். எனக்கு உங்களிலை கோவமில்லை. குசினியிலை பொறுக்கின நாலு சொல்லை வைச்சுக்கொண்டு, மலைக்காரன் ஒருத்தன் அவதிப்பட்டுக் கதைச்சது உங்களுக்கு எப்பிடி விளங்கும்? பிழையா விளங்கிப்போட்டியள். அவரும் உங்களை மன்னிச்சிருப்பார். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

ஓமென்று தலையாட்டியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். அவளே ஊருக்குச் சொல்லி யோகநாதனின் வாயை அடைத்திருப்பாள்.

"தங்கச்சி, எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கினது" என்றேன்.

நான் மிச்சத்தையும் சொன்னேன். இதுவரை எவருக்கும் சொல்லாதது.

மற்ற இருவரும் இறங்கிய பிறகு அப்புத்துரை கண்ணைத் திறந்தான். "மயிலு, அவன் கீழ கொண்டுபோகச் சொன்னவன். எனக்குப் பாஷை தெரியாட்டிலும் கை காட்டினது தெரியுந்தானே. நீ மாத்திச் சொன்னனீ" என்றான். அவன் திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பறவாயில்லை மச்சான். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றான்.

அவன் சொல்லியிருக்கவே மாட்டான். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஊருக்கு வந்து, பக்கத்துக் காணியில் இருந்து, என்னைக் காணும்போதெல்லாம் அதே முகத்தோடு சிரித்திருப்பான். நான் சாகும்வரை அந்த மன்னிப்புக்குக் கீழே இருந்திருக்கவேண்டும்.

ஆகவே கம்பளியை எடுத்தேன். மூச்சு முட்டுகிறது, பாரம் குறையட்டும் என்று எடுத்ததாகச் சொல்லலாம். அப்படி நான் சொல்லப்போவதில்லை. கம்பளியை எடுத்தேன், கீழே போட்டிருந்த சாக்கையும் இழுத்தேன். "குளிருது மயிலு" என்றான். "ஓம்" என்றேன். விட்டுவிட்டு ஓடவில்லை. அவனுடைய கம்பளியை என் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். காற்று நல்ல உரமாக வீசியது. கூடைக்காரரின் தலை கீழே தெரிந்தபோது திரும்பப் போர்த்திவிட்டேன்.

குசினிக்குள் தேங்காய் திருவுகிற சத்தம் நின்றிருந்தது.

சிவனேஸ்வரி எழும்பினாள். "அவர் கடைசியாச் சிவசிவா எண்டு சொன்னதெண்டு சொன்னியள்" என்றாள்.

"அது நான் கட்டிச் சொன்னது" என்றேன்.

அவள் வேலிப் படலையைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனாள். இலட்சுமியும் பின்கதவால் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றைக்கோ நாளைக்கோ முல்லைத்தீவிலிருந்து பொலிசு வரும். வரட்டும். வெள்ளைச் சட்டை தோய்த்துக் காயப்போட்டிருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு இதே கதையை இதே ஒழுங்கில் சொல்வேன். தூக்குக் கயிறு என்றாலும் ஒரு சொல்லும் மாற்றமாட்டேன். மயில்வாகனத்துக்கு இந்துஸ்தானி தெரியாது என்று அவள் இனி ஒரு இடத்திலும் சொல்லமாட்டாள்.